கழிவு

கல்லூரிப் பையன் ஒருத்தன் தாளோடு வந்திருக்கிறான்.
பிறந்த ஆண்டு, படித்த பள்ளி,
முதல் கதை, வாங்கிய விருது:
கட்டம் கட்டமாக அச்சடித்த தாள்.
எழுத்தாளர் பேராச்சியை உங்களுக்குச்
சின்ன வயதிலிருந்தே தெரியுமாமே தாத்தா என்கிறான்.

தெரியும்.
முக்கூடல் பீடிக்கடையில்
இருபத்தாறு வருஷம் நான் செக்கர்.
அம்மைக்கு மஞ்சள்காமாலை என்று
தூக்குப்பையும் பாஸ்புக்குமாக
ஒன்பது வயதில் அவள் முதல்முறை வந்தாள்.
மேசைக்கு மேலே நெற்றிதான் தெரிந்தது.
நெற்றியில் புகையிலைத் தூள்.

கட்டைப் பிரித்து உருட்டிப் பார்ப்பேன்.
தலைமடக்கு சரியில்லையா, ஒடி.
வயிறு தொப்பையா, ஒடி.
ஆயிரத்துக்கு அறுபது எழுபது போகும்.
ஒடிக்காமல் ஒதுக்கியதும் உண்டு,
அது இருட்டியபிறகு வேறொரு கடைக்கு நடந்து போகும்.
எல்லாக் கடையிலும் நடந்ததுதான்.
பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.
இவள் குனியவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.
எண்ணியிருக்கிறாள்.

லேபிள் தாளுக்குப் பின்பக்கம் வெள்ளை.
அதில் எழுதிவைத்தாள்:
வைகாசி நாலு, எழுபத்திரண்டு.
ஒடித்தது நாற்பது, ஒடிக்காதது முப்பத்திரண்டு.
வைகாசி ஐந்து, அண்ணாச்சிக்குக் காய்ச்சல், இருபதுதான்.
வைகாசி ஆறு, அண்ணாச்சி புதுச்சட்டை, தொண்ணூறு.

இப்படி ஐந்து வருஷம்.
சங்கத்துக்காரர்கள் வந்தபோது
மானேஜர் மேசையில் கொட்டியது அந்தத் தாள்களைத்தான்.
மூன்று மாசம் எனக்கு வேலை இல்லை.
முதல் கதை என்ற கட்டத்தில் இதை எழுது என்றால்
பையன் சிரிக்கிறான்.

மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும்.
மடியில் சுளகு, சுளகுக்கு அடியில் நோட்டு.
லாரி ஓட்டிய புருஷன் குற்றாலிங்கம்
போகிற ஊரிலெல்லாம் கவர் வாங்கித் தபாலில் போடுவான்.
திரும்பி வந்த கதைகளை அவளிடம் காட்டமாட்டான்,
சீட்டுக்கு அடியில் திணித்துவைப்பான்.
லாரி விற்றபோது பதினேழு கதை கிடைத்ததாம்.
மூன்றாவது புத்தகம் வரும்வரை பீடி சுற்றினாள்.
டெல்லிக்குப் போய் விருது வாங்கிவந்த மறுநாளும்
ரேஷன் கடை வரிசையில் நின்றாள்,
மண்ணெண்ணெய் அளவு குறைகிறது என்று சண்டையும் போட்டாள்.

அந்த ஒரு கதை பள்ளிக்கூடத்தில் பாடமாக வந்தது.
என் மகள் புஷ்பக்கனி சத்தம்போட்டு வாசித்தாள்.
செக்கருக்கு இடதுகைச் சுண்டுவிரலில்
நீளமாக நகம் என்ற இடத்தில்
அவள் குரல் தணிந்தது.
பிசைந்த சோற்றை நான் உருட்டிக்கொண்டே இருந்தேன்.
எனக்கு ஊட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை,
இறக்கிக் கீழே வைக்கவும் கை வரவில்லை.
ராத்திரி எல்லாரும் உறங்கியபிறகு
நகத்தை வெட்டினேன்.

போன தை மாசம்
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.
மூக்கில் குழாய்.
ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.
போர்வையின் ஓரத்தை விரல்கள்
தாமாகச் சுருட்டுகின்றன, விடுகின்றன,
மறுபடி சுருட்டுகின்றன.
எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ.
தலைமடக்கு இப்போது சரியாகத்தான் விழுந்தது.

"அண்ணாச்சி," என்றாள்.
"நீங்க ஒடிச்சதுல பாதி
நெசமாவே கழிவுதான்.
எனக்கு அப்பம் மடக்கவே வராது.
கதையில அத நான் எழுதல.
எழுதியிருந்தா கதை நின்னுருக்காது."

மீதிப் பாதியைப் பற்றி
நான் வாயெடுக்குமுன் நர்ஸ் வந்துவிட்டாள்.
பாப்பாக்குடி தாண்டும்வரை பஸ்ஸில்
மனசுக்குள் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று ஓடியது.

கடைசிக் கட்டம் காலியாகக் கிடக்கிறது:
பிற குறிப்புகள்.
ஒன்றுமே இல்லையா தாத்தா என்கிறான்.
பேனாமூடியை வாயில் கடித்தபடி காத்திருக்கிறான்.

நல்லா எண்ணுவா.
அத எழுதிக்கோ.